இனெஸ்ஸாவுக்குக் காது கேட்கும்

ஆற்றோரத்து ஜிம்முக்கு முதல் நாள் போனபோது, இனெஸ்ஸா யுகாய் தெருவில் போட்டு வந்த ஷூவோடு அப்படியே உள்ளே நடந்துவிட்டாள். கொரியாவின் ஜேச்சன் நகரத்தில் முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த மாசம் அது. பளபளவென்று துடைத்து வைத்த தரையில், வாசலிலிருந்து டிரெட்மில் வரைக்கும் அவளுடைய காலடித் தடம் வரிசையாகப் பதிந்தது.

டிரெட்மில்களில் நடந்துகொண்டிருந்த பெண்கள் ஒரே சமயத்தில் சத்தம் போட்டார்கள். வேகமாக, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேசியதால் அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வேறு யாரையோ திட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலடி முன்னால் வைத்தாள். அப்போது கட்டையும் குட்டையுமாக ஒரு பெண்மணி இயந்திரத்திலிருந்து குதித்து ஓடிவந்து அவள் தோளைத் தட்டினாள்.

"ஏம்மா, எத்தனை பேரு கத்துறோம்! உள்ள போடுற ஷூ எங்க? காதுல விழலையா?"

அதில் இனெஸ்ஸாவுக்குப் புரிந்தது 'காது' மட்டும்தான். விழித்தாள். அந்தப் பெண்மணியின் முகம் சட்டென்று மாறியது. கோபம் போய், தணிந்த குரலில், தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"ஐயோ. காது கேக்காதா உனக்கு?"

இனெஸ்ஸா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ஏன் ஆட்டினாள் என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த நொடியில், வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதே என்ற நிம்மதி ஒன்றுதான் இருந்தது.

அந்த நிம்மதி அவளுக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. இனெஸ்ஸாவின் முன்னோர் கொரியர்கள். ருஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் குடியிருந்தவர்களை அரசாங்கம் ரயிலில் அடைத்துக்கொண்டு போய் உஸ்பெகிஸ்தானில் இறக்கிவிட்ட காலத்தில் போனவர்கள். அவள் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது, புருஷனைப் புதைத்தது எல்லாம் தாஷ்கண்டுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "வாயைத் திற, இன்னும் பெரிசாத் திற" என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவள். மகன் ஆர்தூர் வேலை தேடிக் கொரியாவுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் இவளும் வந்தாள். அவன் இன்ச்சனில் பெண்டாட்டியோடு இருக்கிறான். இவளுக்கு வேலை கிடைத்தது ஜேச்சனில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்.

பார்த்தால் இந்த ஊர்க்காரிதான். அதே கண், அதே கன்னம், அதே குட்டை முடி. வாயைத் திறந்தால்தான் வினை. அவள் வீட்டில் பேசிய கொரியப் பேச்சு நூறு வருஷத்துக்கு முந்தைய வடக்குக் கிராமத்துப் பேச்சு; அதில் பாதி ருஷ்ய வார்த்தை. வந்த புதிதில் ஒருநாள் பஸ்ஸில், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. "மாட்டுக்காரரே, வண்டிய நிப்பாட்டும்" என்கிற மாதிரி ஏதோ ஒரு பழைய வார்த்தையைச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் இவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "மூஞ்சி நம்ம மூஞ்சியாத்தான இருக்கு, பேச்சு மட்டும் ஏன் இப்படி? வட கொரியாவுலேருந்து ஓடியாந்தியா?" என்று பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள். வெள்ளைத்தோல்காரி ஒருத்தி இரண்டு வார்த்தை கொரியன் பேசினால் கைதட்டுகிறவர்கள், இவள் இருபது வார்த்தை பேசினாலும் நெற்றியைச் சுருக்கினார்கள். அதற்குப் பிறகு கடையில் பொருளை எடுத்து வைப்பாள், தலையைக் குனிவாள், வந்துவிடுவாள். ஆலையிலோ இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "உடற்பயிற்சி பண்ணுங்க" என்று முடித்துவிட்டார். மருமகள் இன்ச்சனிலிருந்தே போனில் அவளை அந்த ஜிம்மில் சேர்த்துவிட்டாள். இவள் வெளிநாட்டுக்காரி என்பது ஜிம் முதலாளிக்குத் தெரியும். ஆனால் அவர் காலையில் வந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போகிறவர். பெண்கள் உடைமாற்றும் அறையில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த அறையின் அரசி, ஷூவுக்காக ஓடிவந்த கட்டைக் குட்டைப் பெண்மணிதான். பெயர் ப்யோ கில்ரே. பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள். அறுபத்தாறு வயசு. எல்லாருக்கும் அக்கா.

கில்ரே அன்றைக்கே இனெஸ்ஸாவைத் தத்தெடுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்துப் போய், ஜிம் கொடுக்கும் சட்டையும் துண்டும் எங்கே அடுக்கியிருக்கிறது, வியர்த்த சட்டையை எந்தக் கூடையில் போட வேண்டும், இயந்திரத்தை விட்டு இறங்கினால் கைபட்ட இடத்தைத் துடைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சைகையிலேயே சொன்னாள். தோளுக்கு எந்தக் கம்பியை இழுக்க வேண்டும் என்று தானே இழுத்துக் காட்டினாள். குளியலறைக்கு இனெஸ்ஸா உள்ளாடையோடு வந்து நின்றபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அதையும் கழற்று என்று விரலை ஆட்டினாள்.

அம்மணமாக நிற்பது கூடப் பழகிப்போனது. அவர்கள் பேச்சும் கேட்கக் கேட்கப் பிடிபட்டது. காதில் விழுவதைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் கடினம்.

"இவ முதுகைப் பாரு, மல்யுத்தக்காரி மாதிரி" என்பாள் ஓக்பூன், முடிவெட்டும் கடைக்காரி. ஒல்லியாக, வாய் ஓயாமல் இருப்பாள். "வயிறு மட்டும் எங்கேருந்து வந்துச்சோ. பாவம், பேச முடியாத ஏக்கத்துல தின்னே தீத்துடுவா போல."

"சும்மா இருடி. ஊமைக்குச் சாபம் குடுக்காத" என்பாள் கில்ரே.

இனெஸ்ஸா தொட்டி விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். வெந்நீரில் அமுங்கிக்கொண்டு ஓக்பூன் பாட்டுப் பாடுவாள். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பாட்டு டீச்சருக்குப் பல் கூசும். முகம் அசையக் கூடாது.

அவர்கள் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை உடைத்து முதல் துண்டை அவள் கையில் வைத்தார்கள். ஆரஞ்சை உரித்துச் சுளைகளை அவள் மடியில் போட்டார்கள். அவள் முதுகை மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டார்கள். கொரியாவுக்கு வந்து மூன்று வருஷத்தில் ஒருவர் கை அவள் மேல் பட்டது அங்கேதான். அதை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஒருநாள் ஓக்பூன் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா குடி வந்திருக்கே, நம்ம மூஞ்சி வெச்சுக்கிட்டு ருஷ்யாக்காரன் பேச்சு பேசுற கூட்டம். அதுங்களுக்குக் குப்பையக் கூடப் பிரிச்சுப் போடத் தெரியல. அதுங்க வந்ததுலேருந்து எங்க சந்து நாறுது." சொல்லி முடித்து, உரித்த சுளையை இனெஸ்ஸாவிடம் நீட்டினாள். "இந்தா, நீ தின்னு."

இனெஸ்ஸா வாங்கித் தின்றாள். நன்றி என்று தலையைக் குனியவும் செய்தாள். வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் கில்ரேயால் வந்தது. ஒரு மத்தியானம் குளியலறையில் இரண்டு பேர்தான். கில்ரே அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"உங்கிட்டத்தான் சொல்ல முடியும். தண்ணிகிட்ட சொன்ன மாதிரி. அந்த யோம் மனுஷன் இருக்காரே, தினமும் அந்தப் பலகையில தலைகீழாத் தொங்குவாரே, அவருதான். நேத்துத் தொங்கிக்கிட்டே எனக்கு வணக்கம் சொன்னாரு. ரத்தமெல்லாம் தலைக்கு ஏறி மூஞ்சி பூசணி மாதிரி இருந்துச்சு. அதைப் பாத்து எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. இந்த வயசுல! ஜிம்முக்கு வர யாராவது உதட்டுச்சாயம் பூசுவாங்களா? நான் பூசுறேன். எம் மகளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

முதுகு தேய்க்கும் கை நின்றது. கில்ரே மெதுவாகச் சிரித்தாள். பிறகு ஒரு செம்பு வெந்நீரை எடுத்து ஊற்றினாள். அன்றைக்குப் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இனெஸ்ஸா ஏங்கினாள். ஆனால் எல்லாமே புரிந்தது. அதற்குப் பிறகு கில்ரே அடிக்கடி அவளைத் தனியாகக் குளிக்கக் கூப்பிட்டாள்.

வசந்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கில்ரே அவளைத் தண்ணீர் குடிக்கும் இடத்தில் உட்காரவைத்து, இரு இரு என்று கையைக் காட்டிவிட்டு வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கூடவே ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைக் கையில் வெள்ளைத் தூசி. வாசலைத் தாண்டத் தயங்குகிறவர் மாதிரி ஷூவைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"எந் தம்பி சாங்தெக்" என்று கில்ரே எல்லாரிடமும் உரக்கச் சொன்னாள். "பொறந்ததுலேருந்து காது கேக்காது. பல்செட் பண்ற எடத்துல வேலை. இவளுக்கும் பேச ஒரு ஆளு வேணாமா? அதான் கூட்டியாந்தேன்."

சாங்தெக் எதிரே உட்கார்ந்தார். இனெஸ்ஸாவைப் பார்த்து மரியாதையாகத் தலைகுனிந்தார். பிறகு கைகளைத் தூக்கிப் பேசினார். சுத்தமான, நிதானமான கைகள்.

கில்ரே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஓக்பூனும் எட்டிப் பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் இனெஸ்ஸா தன் கைகளைத் தூக்கினாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள், காற்றில் ஏதோ வட்டம் போட்டாள். மேடையில் பாட்டு நடத்திய கைகள். அவை ஏதோ செய்தன, அர்த்தமில்லாமல். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக அவள் எதையும் செய்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பின்னால் யாரோ இரும்புக் கம்பியை டமாரென்று போட்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாங்தெக் திரும்பவில்லை. அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் போனை எடுத்து ஒரு வரி எழுதி, அக்காவுக்குத் தெரியாமல் இவள் பக்கம் மட்டும் திருப்பினார். இனெஸ்ஸா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'உங்களுக்குக் காது கேட்கிறது.'

படித்து முடிந்ததும் அதை அழித்துப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவைப் பார்த்துக் கைகளால் ஏதோ சொன்னார்.

"அப்படியா?" என்றாள் கில்ரே. "இவளுக்கு யாரும் சைகை மொழி கத்துக்குடுக்கவே இல்லையாம். அப்படியும் ஆளுங்க இருக்காங்களாம், தொந்தரவு பண்ணாதங்கிறான். ஐயோ பாவமே, இத்தனை வருஷம் எப்படித்தான் இருந்தாளோ!" அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சாங்தெக் எழுந்து போனார். அவர் காட்டிக்கொடுத்திருந்தால் இனெஸ்ஸாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் அவள் ஜிம் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது கில்ரே ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தாள். ஓக்பூனிடம் சொல்லிக்கொண்டிருந்தது இனெஸ்ஸாவுக்குக் கேட்டது.

"நாளைக்கு இவளை வார்டு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க எனக்குத் தெரிஞ்ச பொண்ணு இருக்கு. ஊனமுற்றோர் அட்டை வாங்கிக் குடுத்துடலாம். இதுவரைக்கும் யாருமே இவளுக்குச் செய்யலையே!"

உடைமாற்றும் அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஓக்பூன் யாருக்கோ முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். கில்ரே குளிப்பதற்காகப் பிளாஸ்டிக் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். இனெஸ்ஸா லாக்கர் கதவைச் சாத்தினாள்.

"அக்கா" என்றாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

"கில்ரே அக்கா. எனக்குக் காது கேக்கும். வாயும் இருக்கு. நான் உஸ்பெகிஸ்தான் மனுஷி. ஆத்துக்கு அந்தாண்ட வூடு. உங்ககிட்ட பொய் ஆடிப்புட்டேன்."

"ஐயோ, ஊமை பேசுது!" என்று ஓக்பூன் கத்தினாள். முடி உலர்த்தி அவள் கையிலிருந்து விழுந்து, தரையில் கிடந்து ஊதிக்கொண்டே இருந்தது.

கில்ரே அசையவில்லை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ ஓடுவது தெரிந்தது. இத்தனை மாசம் தான் பேசியதையெல்லாம் அவள் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, அக்கா. பாதி விளங்கல."

"எந்தப் பாதி விளங்குச்சு?"

இனெஸ்ஸாவின் கண் அவளையறியாமல் கதவுப் பக்கம், யோம் தலைகீழாகத் தொங்கும் கூடத்துப் பக்கம் போய்த் திரும்பியது. கில்ரேயின் முகமும் கழுத்தும் சிவந்தன. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி அப்படியே இருந்தது. அதோடேயே தெருவில் நடந்து போனாளாம். பிறகு ஓக்பூன்தான் சொன்னாள்.

அதற்கப்புறம் இனெஸ்ஸா வேறு இடம் பார்க்கலாம் என்று நினைத்தாள். தோள் வலி குறைந்திருந்தது. இப்போது நிறுத்தினால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். அது மட்டும் காரணமில்லை. ஓடிப்போனால் அந்தப் பொய் அங்கேயே, அவள் பெயரோடு, நிற்கும். அதனால் போனாள்.

யாரும் கிழங்கு கொடுக்கவில்லை. அவள் தொட்டியில் இறங்கினால் பேச்சு நின்றது. கில்ரே மட்டும் ஒரு வேடிக்கை கண்டுபிடித்திருந்தாள். இனெஸ்ஸா வந்ததும் தலைகுனிந்து, "அக்கா, வணக்கம். என்னை மன்னிச்சிருங்க" என்பாள். கில்ரே காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னது? யாராவது ஏதாவது சொன்னீங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று அறையைச் சுற்றிப் பார்ப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். மறுநாளும் அதே வணக்கம், அதே கை, அதே சிரிப்பு. இனெஸ்ஸா தினமும் சொன்னாள். பஸ்ஸில் சிரித்தபோது செத்துப்போகலாம் என்றிருந்தது. இந்தச் சிரிப்பு தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது.

முதலில் வாய் கொடுத்தது ஓக்பூன்தான். அவளால் எவ்வளவு நாள்தான் சும்மா இருக்க முடியும்?

"ஏய், நான் குப்பையைப் பத்திச் சொன்னேனே, அதுவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"குப்பை போட்டது உங்க ஆளுங்க இல்லைன்னு சொல்லப்போறியா?"

"இல்ல அக்கா. நாங்கதான். எந்தப் பையில எதைப் போடணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல."

ஓக்பூன் ஒரு நிமிஷம் அவளை முறைத்தாள். பிறகு ஈரக் கையோடு சுவரில் வரைந்து காட்டி, சாப்பாட்டு மிச்சத்துக்கு எந்தப் பை, மற்றதற்கு எந்தப் பை, எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள். "வெங்காயத் தோல் சாப்பாட்டுக் குப்பை இல்ல, தெரிஞ்சுக்க. எலும்பும் இல்ல. கோழி திங்காததெல்லாம் அதுல போகாது" என்று முடித்தாள். இனெஸ்ஸா 'கோழி' என்பதற்குத் தன் பழைய வார்த்தையைச் சொல்லிச் சரிதானா என்று கேட்டாள். ஓக்பூனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க பாட்டன் காலத்துக் கோழி அது! செத்துப்போச்சு!"

கில்ரேயிடம்தான் போக வழியில்லை. கடைசியில் ஒருநாள், அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது இனெஸ்ஸா முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். எனக்குக் கைப் பேச்சு தெரியாது. நீங்க கூட வரணும்."

கில்ரே காதுக்குக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தினாள். "அவங்கிட்ட கேப்ப. எங்கிட்ட கேக்க மாட்டியா?"

"தினமும்தான் கேக்குறேன். உங்களுக்குத்தான் காது கேக்கல."

கில்ரேயின் வாய் கோணிக்கொண்டது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டு, அதற்காகவே இன்னும் கோபமாகச் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த யோம் விஷயம். யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாருகிட்ட சொல்லுவேன், அக்கா? எனக்கு யாரைத் தெரியும்?"

கில்ரே ஷூக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "கிளம்பு" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பல்செட் செய்யும் கூடத்தில் சாங்தெக் மட்டும் இருந்தார். மேஜை முழுக்க வெள்ளைச் சாந்தில் வார்த்த பல்வரிசைகள். இனெஸ்ஸா இடுப்பு வளைய வணங்கினாள். தான் செய்தது தவறு என்றும், அன்று கையை ஆட்டியதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம் என்றும், அவர் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு நன்றி என்றும் தன் உடைந்த கொரியனில் சொன்னாள். கில்ரே கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். 'காட்டிக்கொடுக்காமல்' என்ற இடத்தில் அவள் கை நின்றது.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று தம்பியைக் கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

பிறகு அவர் இனெஸ்ஸாவைப் பார்த்து நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். கைகள் கொஞ்ச நேரம் அசைந்தன. கில்ரே வாயே திறக்கவில்லை.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க, அக்கா."

கில்ரே பல்வரிசைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாங்களான்னு கேக்குறான். முதுகு தேச்சு விட்டோமான்னு."

"ஆமான்னு சொல்லுங்க."

சொன்னாள். அவர் திரும்பவும் பேசினார். கில்ரே குனிந்துகொண்டே அதையும் சொன்னாள்.

"நாலு வருஷம் முன்னாடி இவனும் அதே ஜிம்முல சேந்தான். கம்பியக் கீழ வைக்கும்போது எவ்வளவு சத்தம் வருதுன்னு இவனுக்குத் தெரியாது. மூச்சு விடும்போது தொண்டையில சத்தம் வரும், அதுவும் தெரியாது. ஆளுங்க மொறைச்சாங்க. ஒருத்தரும் கிட்ட வந்து சொல்லல. எங்கிட்டத்தான் சொன்னாங்க." நிறுத்தினாள். "நான்தான் இவங்கிட்ட வந்து, வேற எடம் பாத்துக்கடான்னு சொன்னேன். எனக்கு ஒருத்தரும் கிழங்கு குடுக்கலையே, அக்காங்கிறான்."

காது கேட்காதவருக்குச் சேர வேண்டிய அன்பை, காது கேட்கிற தான் மாசக்கணக்காக உட்கார்ந்து தின்றிருக்கிறோம் என்பது இனெஸ்ஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொன்னோம் என்ற வெட்கம் அதன் பக்கத்தில் சின்னதாகிப்போனது.

சாங்தெக் கோபமாக இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இருவருக்கும் தலைகுனிந்துவிட்டு, முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, பாதி செய்த பல் ஒன்றைக் கையில் எடுத்தார்.

ஆற்றோரமாகத் திரும்பி நடந்தார்கள்.

"ஆளுங்க மொறைச்சது ரெண்டு மூணு நாளுதான்" என்றாள் கில்ரே, பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும். "இருந்திருந்தா பழகியிருப்பாங்க. எனக்குத்தான் தாங்கல. நம்ம ஆளு இப்படிச் சத்தம் போடுறானேன்னு எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் உன்னைப் பாத்ததும் பாவம் பாவம்னு ஓடியாந்தேன் பாரு. உனக்குச் சத்தமே இல்ல. வசதியா இருந்துச்சு."

இனெஸ்ஸா அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தாள். பிடிக்கவில்லை. பக்கத்தில் நடந்தாள்.

அந்த வாரமே கில்ரே ஜிம் முதலாளியைப் பிடித்து உலுக்கி, தம்பி வந்தால் யாரும் முறைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள். உடைமாற்றும் அறையிலும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஓக்பூன் கூட அன்றைக்குப் பாடவில்லை. ஆனால் சாங்தெக் வரவில்லை. வீட்டிலேயே எடை தூக்கும் இரும்புகள் வாங்கிப் போட்டுக்கொண்டாராம், அதுவே போதும் என்றுவிட்டாராம். கில்ரே இரண்டு தடவை கேட்டாள், மூன்றாம் தடவை கேட்க அவளுக்கு முகமில்லை.

இனெஸ்ஸா இன்றும் அங்கேதான் போகிறாள். இப்போது பேசுகிறாள். அவள் பேச்சை அவர்கள் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள், தப்பைத் திருத்துகிறார்கள், வயிறு பெருத்துவிட்டது என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்து சேர்த்தாள். உள்ளே போடத் தனி ஷூ வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டாள். கில்ரே பழையபடி தனியாகக் குளிக்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே என்ற பயம் இனெஸ்ஸாவுக்கும் உண்டு.

வேலை விட்டு வரும்போது சில சாயங்காலம் பாலத்தில் சாங்தெக் எதிரே வருவார். தூரத்திலேயே பார்த்துவிடுவார்கள். அவள் நின்று தலைகுனிவாள். அவர் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போவார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் காது மடல் வரை சுடும். அவர் பாலத்தைத் தாண்டும் வரை நின்றுவிட்டு, பிறகு தன் வழியே நடப்பாள்.